கை சொன்ன பொய்: மது மீட்சிச் சிகிச்சையில் இருந்த ஒருவரின் உடல்திறனை அளந்தது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்றாம் நாள் 318 மீட்டர் நடந்தார். பதினான்காம் நாள் 402 மீட்டர். நடுவில் இருந்த நாட்களில் நான் அவருக்கு ஒரு பயிற்சிகூடக் கொடுக்கவில்லை. படுத்திருந்தார், சாப்பிட்டார், மாத்திரை போட்டுக்கொண்டார், தூங்க முயன்றார். அவ்வளவுதான். ஆறு நிமிட நடைச் சோதனையில் 30 மீட்டர் அளவுக்குக் கூடினாலே நோயாளியால் உணர முடிகிற முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அது நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளை வைத்து வந்த கணக்கு, இருந்தாலும் எல்லோரும் பயன்படுத்துகிறோம். இவருக்கோ சும்மா இருந்தே 84 மீட்டர் கூடியிருந்தது. மூன்றாம் நாளே பயிற்சியைத் தொடங்கியிருந்தால் அந்த 84 மீட்டரையும் என் கைவண்ணம் என்று எழுதி, வரைபடம் போட்டுக் காட்டியிருப்பேன்.

இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். அடையாளம் தெரியாதபடி நோயாளியின் விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நான் இயன்முறை மருத்துவர், குடிநோய் மீட்புப் பிரிவில் வேலை.

நோயாளி

வயது 47, ஆண், தச்சு வேலை செய்பவர். உயரம் 168 செ.மீ., எடை 58 கிலோ. உடல் நிறை எண் 20.5 என்பதால் பார்வைக்கு 'ஒல்லியானவர், ஆனால் பரவாயில்லை' என்ற வகை. இருபது ஆண்டுக்கும் மேலாகக் குடி, கடைசி ஐந்து ஆண்டாகக் காலையிலேயே. குடிப்பழக்கத்தின் சிக்கலை மதிப்பிடும் ஆடிட் வினாத்தாளில் 40க்கு 29. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 வகுத்திருக்கும் 11 அளவுகோல்களில் எட்டு பொருந்தின. ஆறு பொருந்தினாலே கடுமையான மது பயன்பாட்டுக் கோளாறு. புகைப்பழக்கமும் உண்டு. வயிற்றில் நீர்க்கோவை இல்லை. எக்கோவில் இதயத்தின் இறைக்கும் திறன் சரியாக இருந்தது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நீண்டகாலக் குடி இதயத் தசையையே நலியச் செய்யக்கூடும். அதைப் பார்க்காமல் யாரையும் மூச்சுமுட்ட நடக்கவிடக் கூடாது. இசிஜியும் பொட்டாசியம், மெக்னீசியம் அளவுகளும் பார்க்கப்பட்டிருந்தன.

வந்தபோது அவர் சொன்ன குறை ஒன்றுதான்: "மாடிப்படி ஏற முடியல சார்." மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். "ஏதோ ஒண்ணு" என்றார். அந்த 'ஏதோ ஒண்ணை' அப்போதே தோண்டிக் கேட்டிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாம் நாள்

எங்கள் படிவத்தில் ஒரு வரி இருந்தது: சேர்ந்த 72 மணி நேரத்துக்குள் உடல்திறன் மதிப்பீடு முடிய வேண்டும். மற்ற நோயாளிகளுக்கு நல்ல விதி. மதுவை நிறுத்திய ஒருவருக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. நடுக்கமும் படபடப்பும் நிறுத்திய ஆறேழு மணி நேரத்தில் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும். சித்தப்பிரமையோடு கூடிய கடும் நடுக்க நிலை தலைகாட்டுவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை. அதாவது எங்கள் படிவம் அந்த ஆபத்துக் காலத்தின் நடுவில் கொண்டுபோய்ச் சோதனையை வைத்திருந்தது.

நான் விதிப்படிதான் செய்தேன். ஓய்வில் நாடித்துடிப்பு 112. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 120க்கு மேல் இருந்தால்தான் நடைச் சோதனைக்குத் தயங்க வேண்டும். மேல் ரத்த அழுத்தம் 180, கீழ் 100 என்ற எல்லைகளுக்கும் உள்ளேதான் இருந்தார். எல்லாக் கட்டத்திலும் 'டிக்' போட்டுவிட்டு நடக்கவிட்டேன். இரண்டு முறை நின்றார். 318 மீட்டர். நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் எழும்போது தள்ளாடினார். அப்புறம்தான் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தம் பார்த்தேன். படுத்தபோது 128, நின்றபோது 104. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் 20 குறைந்தாலே நிலைமாற்ற அழுத்தச் சரிவு என்று பெயர். இவருக்கு 24. வியர்வையிலும் வாந்தியிலும் நீர் வற்றிப் போயிருந்தது. தானியங்கி நரம்புகள் கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. இதை நடப்பதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். விழுந்திருந்தால் படிவத்தில் எல்லா டிக்கும் இருந்திருக்கும், அவருக்கு இடுப்பு எலும்பு இருந்திருக்காது.

அன்றைக்குக் கோப்பில் நான் எழுதியது: 'இதய-நுரையீரல் தகுதி மிகக் குறைவு.' அதற்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை. நான் அளந்தது, மது திடீரென்று நின்றதில் கட்டுக்கு மீறி ஓடிக்கொண்டிருந்த ஒரு நரம்பு மண்டலத்தை. அதன்மேல் அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் தணிக்கக் கொடுக்கும் டையஸெபாம் மருந்தின் மயக்கம் வேறு, இரண்டு இரவுத் தூக்கமின்மை வேறு, வாந்தி வேறு. இத்தனைக்கும் சேர்த்து ஒரே எண்: 318.

இன்னொரு கருவியும் அந்த வாரம் ஏமாற்றியது. இடுப்பில் கட்டிவிட்ட அடி எண்ணும் கருவி, இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதிக அடிகளைக் காட்டியது. சுறுசுறுப்பு இல்லை, நிலைகொள்ளாமல் வார்டுக்குள் உலாத்தியது. மனம் அமைதியான ஆறாம் நாள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. அதைப் பார்த்து 'செயல்பாடு குறைகிறது' என்று எழுதினால் எப்படி இருக்கும்? கடந்த ஏழு நாளில் எவ்வளவு நடந்தீர்கள் என்று கேட்கும் வினாத்தாள்களும் இப்படித்தான். அந்த ஏழு நாளில் நான்கு அவருக்கு நினைவிலேயே இல்லை.

பதினான்காம் நாளும் பதினைந்தாம் நாளும்

டையஸெபாமின் கடைசி மாத்திரை எட்டாம் நாள். அந்த மருந்து உடைந்து உண்டாகும் பொருளும் வேலை செய்யக்கூடியது. அதன் அரைவாழ்வு, அதாவது உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 100 மணி நேரம்வரைகூட நீளும். கல்லீரல் கெட்டவர்களில் இன்னும் மெதுவாகத்தான் வெளியேறும். ஆகவே பதினான்காம் நாளையும் சுத்தமான நாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மதுவை நிறுத்தியதால் வரும் விலகல் அறிகுறிகளுக்கான மதிப்பெண் மூன்று நாளாக ஒற்றை இலக்கத்தின் கீழ்ப்பகுதியில் இருந்தது, தூக்கம் ஓரளவு வந்தது, நின்றால் அழுத்தம் சரியவில்லை. கடைசி சிகரெட்டுக்கும் சோதனைக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி விட்டோம்.

பதினான்காம் நாள் 402. மறுநாள் அதே நேரம், அதே 30 மீட்டர் வராந்தா, 421. இந்த 19 மீட்டர் பழகிப்போனதால் வந்தது. எந்த வேகத்தில் போனால் ஆறு நிமிடம் தாங்கும் என்பது ஒரு முறை நடந்தால்தான் தெரியும். அதனால்தான் இரண்டு முறை நடக்கவைத்துப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் தொடக்க எண்ணாக 421ஐ வைத்தேன்.

421 நல்லதா கெட்டதா? 1998இல் என்ரைட், ஷெரில் இருவரும் வெளியிட்ட சமன்பாடு ஆண்களுக்கு இப்படிப் போகும்: உயரத்தை 7.57ஆல் பெருக்கி, அதிலிருந்து வயதின் 5.02 மடங்கையும் எடையின் 1.76 மடங்கையும் கழித்து, கடைசியில் 309ஐயும் கழிக்க வேண்டும். இவருக்கு 625 மீட்டர் வருகிறது. அதில் 153ஐக் கழித்தால் இயல்பின் கீழ் எல்லை, 472. ஆக 421 என்பது எதிர்பார்த்ததில் 67 சதவீதம், எல்லைக்குக் கீழே.

இந்தச் சமன்பாட்டில் குடிநோயாளிகளுக்கென்றே ஒரு கோணல் இருக்கிறது. எடை குறைவாக இருந்தால் அதிகம் நடக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கும். ஆரோக்கியமானவர்களுக்கு அது சரி. இவர் இளைத்ததோ சோற்றுக்குப் பதில் சாராயத்திலிருந்து கலோரி எடுத்துத் தசையைக் கரைத்ததால். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி உண்டு, புரதம் துளியும் இல்லை. வயிற்றில் பத்து லிட்டர் நீர் கோத்திருப்பவருக்கு நேர்மாறாக நடக்கும்: எடை கூடியதால் எதிர்பார்ப்பு குறைந்து, அவர் உண்மையைவிடத் தகுதியானவராகத் தெரிவார். அதனால் சதவீதத்தை மட்டும் எழுதிவிட்டு மீட்டரை எழுதாமல் விடும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

நடந்து முடித்ததும் மூச்சுத் திணறலையும் கால் களைப்பையும் தனித்தனியாகக் கேட்டோம், பத்துக்கு எவ்வளவு என்று. மூச்சுக்கு 3, காலுக்கு 8. "மூச்செல்லாம் வாங்கல சார். தொடைதான் கல்லு மாதிரி ஆயிடுது." வழி அங்கே தெளிவானது.

நாடியை நம்பிய சைக்கிள்

அதற்கு நடுவே ஒரு திசைதிருப்பம். மூச்சுக் காற்றை அளக்கும் முழுமையான உடற்பயிற்சிச் சோதனை எங்களிடம் இல்லை. பதிலாக நிலைச் சைக்கிளை மிதிக்கவிட்டு, நாடித்துடிப்பை வைத்து உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்று ஊகிக்கும் சோதனையைப் பதினாறாம் நாள் செய்தேன். ஆஸ்ட்ராண்டும் ரைமிங்கும் 1954இல் கொடுத்த அட்டவணை அது. அதன் தர்க்கம் எளிது: ஒரே சுமைக்கு யாருக்கு நாடி குறைவாக ஓடுகிறதோ அவரே தகுதியானவர்.

இவருக்கு நாடி 104ஐத் தாண்டவே இல்லை. கணக்குப்படி ஒரு விளையாட்டு வீரர்! உழைப்பு எப்படி இருக்கிறது என்று 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலில் கேட்டால் 17 என்கிறார், அதாவது 'மிகக் கடினம்'. அந்த அளவுகோலே நாடியை மனதில் வைத்து அமைத்தது; ஆரோக்கியமான ஒருவர் 17 என்றால் நாடி ஏறக்குறைய 170இல் இருக்க வேண்டும். 104 எங்கே, 170 எங்கே?

மருந்துப் பட்டியலைப் பார்த்தேன். புரோப்ரனோலால், 40 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, கை நடுக்கத்துக்காகத் தொடங்கியது. நாடியை அமுக்கி வைக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நாடியை வைத்துத் தகுதியைக் கணக்கிட்டிருக்கிறோம். கல்லீரல் சுருங்கி உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்தவர்களுக்கும் இதே வகை மருந்து தருவார்கள் என்பதால், இந்த நோயாளிகளிடம் இது அபூர்வமான சிக்கலே அல்ல. மூன்றாம் நாள் படபடப்பால் நாடி செயற்கையாக ஏறியிருந்தது, பதினாறாம் நாள் மாத்திரையால் செயற்கையாக இறங்கியிருந்தது. தவிர, அந்த அட்டவணை 120க்கும் 170க்கும் இடைப்பட்ட நாடிக்குத்தான் செல்லும். எண்ணைக் கோப்பில் அடித்துவிட்டு, பயிற்சியின் தீவிரத்தைப் போர்க் அளவுகோலில் 12-13 என்று வைத்தேன்.

கையும் காலும்

வலு அளக்க எல்லோரும் முதலில் எடுப்பது கைப்பிடி டைனமோமீட்டர். மலிவு, ஒரு நிமிட வேலை, உட்கார்ந்தபடியே செய்யலாம், நடுக்கம் இருந்தாலும் பெரிதாகப் பாதிக்காது. முழங்கையை 90 பாகையில் மடக்கி, கைக்கு மூன்று முறை. வலது கை 34 கிலோ. தசைநலிவுக்கு ஐரோப்பிய வல்லுநர் குழு 2019இல் வைத்த ஆண்களுக்கான எல்லை 27, ஆசியக் குழு அதே ஆண்டில் வைத்தது 28. இரண்டையும் தாராளமாகத் தாண்டிவிட்டார். இதோடு நிறுத்தியிருந்தால் 'தசை வலு இயல்பு' என்று எழுதி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பேன்.

அப்புறம் நாற்காலி. கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். முதல் முயற்சியில் கை தானாகவே தொடையை ஊன்றியது, கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவதில் 17.8 நொடி. ஐரோப்பியக் குழுவுக்கு 15 நொடிக்கு மேல் போனால் வலுக்குறைவு, ஆசியக் குழுவுக்கு 12 நொடியே எல்லை. எந்தக் குழுவைக் கேட்டாலும் தொடை தோற்றுவிட்டது. நான்கு மீட்டர் சாதாரண நடையில் வேகம் நொடிக்கு 0.92 மீட்டர். இதில் மட்டும் இரண்டு குழுக்களும் பிரிகின்றன: ஐரோப்பிய எல்லை 0.8, எனவே தேறினார். ஆசிய எல்லை 1.0, எனவே தேறவில்லை.

ஒரே உடம்பில் கை 34 கிலோவும் தொடை 17.8 நொடியும் எப்படி? நீண்டகாலக் குடியால் வரும் தசைநோய் முதலில் தாக்குவது இடுப்பையும் தோளையும் ஒட்டிய பெருந்தசைகளை. அவற்றிலும் சட்டென்று விசை தரும் இரண்டாம் வகை இழைகள்தான் அதிகம் சுருங்கும். நாற்காலியிலிருந்து எழவும், படி ஏறவும், தடுக்கினால் சமாளிக்கவும் வேண்டிய இழைகள் அவை. குடிநோயாளிகளில் 40 முதல் 60 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தத் தசைநோய் இருக்கும் என்பது பாடநூல்கள் தரும் கணக்கு. வலி பெரும்பாலும் இராது. ரத்தத்தில் தசை நொதி அளவும் பல சமயம் சாதாரணமாகவே இருக்கும். இவருக்கும் அப்படித்தான் இருந்தது. கையோ, முப்பது ஆண்டாக இழைப்புளி பிடித்த கை. குடித்த நாளிலும் வேலைக்குப் போனவர் அவர். தொழில் அந்தக் கையைக் காப்பாற்றி வைத்திருந்தது.

மாடிப்படியைப் பற்றி இன்னொரு முறை கேட்டேன். ஏறும்போது கைப்பிடியைப் பிடிப்பீர்களா? "பிடிக்கிறதா? அதை இழுத்துத்தான் ஏறுறேன்." கை வலுவாக இருந்ததால்தான் காலின் வலுக்குறைவு இத்தனை நாள் மறைந்திருந்திருக்கிறது. கைப்பிடி வலுவை மட்டும் வைத்து மொத்த உடல் வலுவைச் சொல்லும் வழக்கம் வேறு எந்த நோய்க்கு எவ்வளவு பொருந்துமோ, குடிநோய்க்கு அதைத் தனியாக நம்பக் கூடாது என்பது என் கருத்து.

சமநிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து 6 நொடி, ஒற்றைக் காலில் 4 நொடி, கண்ணை மூடினால் முடியவே இல்லை. கால் பெருவிரலில் இசைக்கவையின் அதிர்வு தெரியவில்லை. கணுக்கால் அனிச்சையும் இல்லை என்று மருத்துவர் குறித்திருந்தார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் விலகினார். கால் நரம்புப் பாதிப்பு நிச்சயம். சிறுமூளையின் நடுப்பகுதியும் ஓரளவு கெட்டிருக்கலாம். ஆறு நிமிட நடையின் காணொளியைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: நேராகப் போகும்போது ஒழுங்காகப் போகிறவர், வராந்தா முனையில் வைத்த கூம்பைச் சுற்றித் திரும்பும் ஒவ்வொரு முறையும் காலை அகட்டி, வேகத்தைக் குறைக்கிறார். பதினான்கு திருப்பம். 421 மீட்டரில் இந்தத் திருப்பங்கள் தின்ற தூரமும் அடக்கம். அதற்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை.

சமநிலை, நடைவேகம், நாற்காலி மூன்றையும் சேர்த்து 12க்கு மதிப்பெண் போடும் குறுந்தொகுப்பில் அவருக்கு 8 வந்தது. நடைக்கு முழு நான்கு, சமநிலைக்கு மூன்று, நாற்காலிக்கு ஒன்றே ஒன்று. மொத்தம் 8 என்று மட்டும் எழுதினால் அந்த ஒன்று காணாமல் போகும். அதனால் கோப்பில் பழைய வரியை அடித்துவிட்டு நான்கு வரி எழுதினேன்: நடையைத் தடுப்பது மூச்சு அல்ல, தொடை; கை வலு இயல்பு, தொழிலால் வந்தது; சமநிலைக் குறை நரம்பு வழி; இதய-நுரையீரல் தகுதி இன்னும் அளக்கப்படவில்லை.

எட்டு வாரம்

பயிற்சி வாரம் மூன்று நாள்: உயர்த்திய நாற்காலியில் தொடங்கி மெல்ல உயரத்தைக் குறைத்து எழுந்தமர்தல், படியேற்றம், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே சமநிலை, நடை. தயமின் (வைட்டமின் பி1) தொடர்ந்தது, சாப்பாட்டில் புரதம் கூடியது. மூன்றாம் வாரம் புரோப்ரனோலால் நின்றது.

ஐந்தாம் வார அளவீட்டுக்கு வந்த அன்று ஓய்வு நாடி 108, விரல்களில் நடுக்கம். முந்தின இரண்டு நாள் குடித்திருந்தார், தானே சொன்னார். சோதனையைத் தள்ளிவைக்கலாம் என்றேன். கோபப்பட்டார். "இன்னைக்கு அளந்தாத்தானே சார் நான் எவ்வளவு கெட்டுப்போனேன்னு தெரியும்?" நியாயமான கேள்விதான். ஆனால் வரப்போகும் எண்ணைத் தொடையின் அளவாகப் படிக்க முடியாது, அதைத் தண்டனைச் சீட்டு மாதிரி அவர் கையில் கொடுக்கவும் எனக்கு மனமில்லை. அன்றைக்கு மருத்துவரிடம் அனுப்பினேன். பத்து நாள் கழித்து அளந்தோம்.

எட்டாம் வாரம்: நடை 478 மீட்டர், நாற்காலி 12.6 நொடி, ஒற்றைக் கால் 7 நொடி, கைப்பிடி 35 கிலோ. எடை 63 கிலோ. அதனால் எதிர்பார்க்கும் தூரமும் 616 ஆக இறங்கி, அவர் 78 சதவீதத்தில் நிற்கிறார். தொடை நன்றாக மீண்டிருக்கிறது, சமநிலை அவ்வளவாக இல்லை. மதுவை நிறுத்தினால் இந்தத் தசைநோய் சில மாதங்களில் பெரிதும் திரும்பும், நரம்பு மெதுவாகத்தான் வரும், சிறுமூளை இழந்ததில் ஒரு பகுதியையே மீட்கும். எண்களும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. கைப்பிடி மட்டும் எட்டு வாரத்தில் ஒரு கிலோ கூடியிருக்கிறது, அது அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். அதை மட்டும் அளந்திருந்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் அறிக்கை சொல்லியிருக்கும்.

இதில் எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு குடிக்காததால், எவ்வளவு சாப்பிட்டதால் என்று ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பிரிக்க முடியாது. பதினைந்தாம் நாளைத் தொடக்கமாக வைத்ததால், விலகல் அறிகுறிகள் தணிந்ததை முன்னேற்றமாக எண்ணும் பிழையின் பெரும்பகுதி மட்டும் நீங்கியிருக்கிறது.

படிவத்தின் அந்த 72 மணி நேர வரி மாறிவிட்டது. இப்போது முதல் மூன்று நாளில் படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், அதிர்வுணர்வு, நாற்காலியிலிருந்து ஒரே ஒரு முறை எழுதல், இவ்வளவுதான் பார்க்கிறோம். நடையும் மற்றவையும் இரண்டு வாரம் கழித்து. மருந்துப் பட்டியலுக்குப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு பெட்டி வரைந்திருக்கிறோம்.

கடைசி நாள் அவரை வெளிப் படிக்கட்டில் ஏறச் சொன்னேன். ஏறினார். கை கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், தொடாமல், கூடவே வந்தது.